காட்டுயிர்களுக்காக ஆவிரை வளர்த்தல்: பூவின் அமைப்பு உணர்த்தும் நெறிகள்

திறவுச்சொற்கள்: ஆவிரை, அதிர்வு மகரந்தச்சேர்க்கை, தச்சுத்தேனீ, விதை நேர்த்தி

ஆவிரை, சங்க இலக்கிய ஆய்வாளர் நன்கறிந்த மலர். குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் இது இடம்பெறுகிறது. குறுந்தொகை 173ஆம் பாடலில் பனைமடல் குதிரைக்குரிய மாலையாகிறது. ஆவாரம்பூ என்னும் பெயரில் பொங்கல் காப்புக்கட்டில் இன்றும் வழங்குகிறது. எனினும் சூடுவதற்கும் மருந்துக்கும் உரியது என்ற நோக்கிலேயே நாம் இதனைப் பெரிதும் பேசி வந்துள்ளோம். பூச்சிகளுக்கு உணவாக இதனை வளர்ப்பதற்குரிய நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

சென்னா ஆரிகுலேட்டா என்னும் இப்பல்லாண்டுப் புதர்ச்செடியின் பூவில் தேன் இல்லை. மகரந்தமே வண்டினத்துக்கு இது தரும் உணவு. பத்து மகரந்தத்தாள்களுள் மேலுள்ள மூன்று மலட்டுத்தன்மை உடையவை. வளமான மகரந்தப்பைகளும் நீளவாக்கில் வெடித்துத் திறப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துளை வழியாகவே மகரந்தம் வெளிப்படும். தச்சுத்தேனீ பூவைப் பற்றிக்கொண்டு, சிறகை விரிக்காமலேயே மார்புத்தசையை அதிரச்செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அப்போது எழும் ரீங்காரம் பறக்கும் ஒலியினின்று வேறானது. செடியருகே நின்றால் செவிக்கே புலப்படும். நம் தேனீப்பெட்டிகளில் வளரும் தேனீக்கு இவ்வாற்றல் இல்லை; அது சிந்தியதைப் பொறுக்கிச் செல்லும்.

ஆகவே செடியை மட்டும் நட்டால் போதாது. தச்சுத்தேனீ பட்ட மரத்தையும் காய்ந்த மூங்கிலையும் துளைத்துக் கூடமைப்பது. தோட்டத்தைத் துப்புரவாக்குகிறோம் என்று அவற்றை அகற்றிவிட்டால், பூ இருந்தும் அதனை நாடிவரும் உயிர் குறையும். கட்டோப்சிலியா பைராந்தி என்னும் வெளிர்நிற வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்பவை. இலை கடிபட்டிருப்பதை நோயெனக் கருதி மருந்து தெளிப்பது வளர்ப்பின் நோக்கத்தையே அழித்துவிடும்.

விதையின் மேலுறை கடினமானது. உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்தோ, கொதித்து இறக்கிய நீரில் இட்டு ஓரிரவு ஊறவிட்டோ விதைக்கலாம். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், நிலத்திலேயே நேரடியாக ஊன்றுவது நன்று. வறண்ட, கல் கலந்த மண்ணே போதும், நீர் தேங்கலாகாது. அவரைக் குடும்பத்தது என்பதால் இது தழைச்சத்தை நிலைநிறுத்தும் என்று கருதுவோர் உளர். சென்னா இனங்களில் பொதுவாக வேர்முடிச்சுகள் உருவாவதில்லை என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும்.

நாற்று வாங்குவோர் பெயரிலும் கவனம் கொள்ளவேண்டும். மஞ்சள் கொன்றை எனப்படும் சென்னா ஸ்பெக்டபிலிஸ், ஆவிரையின் பேரினத்தைச் சேர்ந்ததே. ஆயினும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து முதுமலை, சத்தியமங்கலம் காடுகளை ஆக்கிரமித்திருப்பது அது.

எஞ்சுவது பூப்பறிப்பு. தோல் பதனிடப் பட்டை உரிக்கப்பட்ட செடி, இன்று தேநீருக்கும் குளியல்பொடிக்குமாகப் பூவை இழக்கிறது. தேனுள்ள மலரில் தேனை எடுத்தாலும் மகரந்தம் எஞ்சும். இங்கோ பூவைக் கொய்வது உணவு முழுவதையும் கொய்வதாகும். பறித்தே ஆகவேண்டுமெனில் சில செடிகளை அதற்கென ஒதுக்கி, ஏனையவற்றைக் காய்த்து விதை முற்றும்வரை தொடாது விடுதல் வேண்டும்.