ஐந்து அறைகள், ஒரு கப்பல்: கூட்டுவேலை பற்றி ஒரு தொலைக்காட்சிக் கதை

கவிதை, தேசியம், சாதி, பெண்ணியம் என்று விவாதித்து வரும் இந்தப் பக்கங்களில் ஓர் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைத் தொடரைப் பற்றி எழுத வருபவன் முதலில் சமாதானம் சொல்லியாக வேண்டும். எம்மவரிற் பலருக்கு ஸ்ரார் ட்ரெக் என்றால் கூர்க்காது மனிதர்களும் ஒளித் துப்பாக்கிகளுமாகச் சிறுவர்கள் பார்க்கும் சமாச்சாரம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஊரில் பதினொரு வருடம் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்துவிட்டு, இங்கே பிளாஸ்ரிக் வார்ப்புத் தொழிற்சாலையொன்றில் இரவு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம். காலையில் வீடு வந்தும் தூக்கம் வராத வேளைகளில் மகளின் பழைய டிஸ்க்குகளைப் போட்டுப் பார்த்ததில் அந்த எண்ணம் மாறியது.

இங்கு நான் எடுத்துக்கொள்வது ஒரேயொரு அத்தியாயம். 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் ஐந்தாவது பருவத்தில், 1991 ஒக்டோபர் 21இல் ஒளிபரப்பான 'டிசாஸ்ரர்', அதாவது பேரிடர். ஸ்ரார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் றொடன்பெரி அதற்கு மூன்றாம் நாள் காலமானார். திரைக்கதை எழுதியவர் ரொனால்ட் மூர். இயக்கியவர் கப்ரியேல் போமொன்ட்.

கதை எளிமையானது. என்ரர்பிறைஸ் என்ற விண்கப்பல் 'குவாண்டம் இழை' ஒன்றில் மோதுகிறது. மின்சாரமும் தொடர்பும் அற்றுப்போகின்றன. கப்பலில் இருந்தவர்கள் அந்தந்த இடத்திலேயே அடைபட்டுப் போகிறார்கள். கதை ஐந்து இடங்களில் நடக்கிறது. ஓர் இடத்தில் உள்ளவருக்கு மற்ற இடத்தில் யார் உயிரோடு இருக்கிறார் என்பது தெரியாது.

மின்தூக்கியில் கப்டன் பிக்கார்ட், கணுக்கால் முறிந்த நிலையில், விஞ்ஞானப் போட்டியில் வென்ற மூன்று சிறுவர்களோடு அகப்பட்டிருக்கிறார். குழந்தைகள் என்றாலே சங்கடப்படும் மனிதர் அவர். உணவுக்கூடத்தில் போர்வீரனான வோர்ஃப், கெய்க்கோ என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கிறது. சரக்கறையில் வைத்தியர் குறஷரும் பொறியியலாளர் ஜோர்டியும் தீயோடும் வெடிக்கக்கூடிய கலன்களோடும் நிற்கிறார்கள். அறைக் கதவைத் திறந்து காற்றையே விண்வெளிக்கு விட்டுத் தீயை அணைக்கிறார்கள். துணைத் தளபதி றைக்கரும் இயந்திர மனிதனான டேற்றாவும் ஒடுங்கிய குழாய்ப்பாதையில் ஊர்ந்து இயந்திர அறையை நோக்கிப் போகிறார்கள். ஐந்தாவது இடம் கட்டளை மேடை. அங்கே பொறுப்பிலிருந்த அதிகாரி இறந்துவிட, பதவியில் மூத்தவர் என்ற முறையில் தலைமை உளவள ஆலோசகரான ட்ரோயின் மேல் விழுகிறது.

கதாசிரியர்கள் அநேகமாக எல்லோரையும் அவரவருக்குப் பழக்கமில்லாத வேலையில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். கற்பித்தவன் அச்சு இயந்திரத்தின் முன்னும், வழக்கறிஞர் உணவகத்தின் கோப்பை கழுவும் இடத்திலும் நிற்கும் எமக்கு இந்த நிலை புதிதல்ல. ஆனால் அந்தப் பாத்திரங்களில் ஒருவரும் "நான் யார் தெரியுமா" என்று கேட்பதில்லை. வேலை முன்னால் கிடக்கிறது, செய்கிறார்கள். டேற்றா தன் உடலாலேயே பாதையை மறிக்கும் மின்னோட்டத்தைத் தடுக்கிறான். உடல் செயலிழக்க, அவனது தலையை மட்டும் கழற்றி றைக்கர் தூக்கிக்கொண்டு போகிறார். தளபதி சுமைகாவியாகிறார். அதில் அவமானம் எதுவும் காட்டப்படவில்லை.

கட்டளை மேடையில் நடப்பதுதான் இக்கட்டுரைக்கு முக்கியம். கப்பலை இயக்கும் எதிர்ப்பொருளைத் தாங்கியிருக்கும் புலம் மெல்ல மெல்லப் பலவீனமடைகிறது. எதிர்ப்பொருள் சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் அழிந்து சக்தியாக மாறும். ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு சேர்ந்தால் ஹிரோஷிமாக் குண்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு சக்தி வெளிப்படும். ஆகவே எந்தப் பாத்திரத்திலும் அதை ஊற்றி வைக்க முடியாது. புலத்தால் அந்தரத்தில் பிடித்து வைக்க வேண்டும். குவாண்டம் இழை கற்பனைச் சரக்கு. ஆனால் இது முழுக் கற்பனையல்ல. ஜெனீவாவுக்கு அருகில் உள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் எதிர் ஐதரசன் அணுக்களைக் காந்தப்புலத்தில் 1000 விநாடிகள் வரை பிடித்து வைத்ததாக 2011இல் அறிவித்தார்கள்.

ட்ரோய்க்கு இதெல்லாம் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காமல் கேட்கிறார். இளம் அதிகாரி றோவும் தொழில்நுட்பர் ஓ'பிறையனும் விளக்குகிறார்கள்: புலம் 15 வீதத்துக்கு இறங்கினால் கப்பல் வெடிக்கும். முன்தட்டைப் பிரித்துக்கொண்டு தப்பிவிட வேண்டும் என்பது றோவின் வாதம். பின்பகுதியில் எவரும் உயிரோடு இருப்பதற்குச் சான்றில்லை என்கிறாள். ட்ரோய் மறுக்கிறார். மிஞ்சியிருக்கும் சொற்ப மின்சக்தியை இயந்திர அறையின் திரைகளுக்கு அனுப்பச் சொல்கிறார். அங்கே யாராவது வந்து சேர்ந்தால் ஆபத்து அவர்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. ஆள் இருக்கிறதோ இல்லையோ தெரியாத அறைக்கு வெளிச்சம் அனுப்புகிறார். அந்த நேரத்தில் றைக்கர் டேற்றாவின் தலையோடு குழாய்க்குள் ஊர்ந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. றைக்கருக்கும் அந்த வெளிச்சம் ஏன் எரிகிறது என்பது தெரியாது. கப்பல் தப்புகிறது.

கூட்டுவேலை என்றால் ஒரே மேடையில் தோளோடு தோள் நிற்பது என்றே நாம் பழகியிருக்கிறோம். இந்தக் கதை வேறொன்றைச் சொல்கிறது. காணாத இடத்தில் இருப்பவன் தன் பங்கைச் செய்கிறான் என்று நம்பி, அவனுக்குத் தேவையானதை அவன் கேட்காமலே வைத்துவிட்டுப் போவதும் கூட்டுவேலைதான். ஒருவேளை அதன் கடினமான வடிவம் அதுவே.

தொழிற்சாலையில் இதை நான் கற்றது பிந்தித்தான். பதினொரு வருடம் பதில் சொல்லியே பழகியவனுக்குக் கேள்வி கேட்க வெட்கம். கேட்காமல் அச்சின் வெப்பநிலையை நானாக மாற்றியதில் முதல் மாதத்திலேயே ஓர் இரவின் உற்பத்தி முழுவதும் கழிவுப்பெட்டிக்குப் போனது. பக்கத்து இயந்திரத்தில் நின்ற பொஸ்னியக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் இயந்திரத்தின் பக்கவாட்டில் செருகியிருந்த அட்டையொன்றைக் காட்டினார். நான் வருமுன் போய்விடும் மாலை ஷிப்ற்காரர் எழுதி வைப்பது அது: இரண்டு எண்கள், ஓர் அம்புக்குறி, எந்த அச்சு சூடேறுகிறது என்ற அடையாளம். எழுதியவரை நான் இன்றுவரை கண்டதில்லை. எங்களுக்குள் பொதுமொழி இருக்குமோ என்பதும் தெரியாது. இப்போது காலையில் வருபவருக்காக நானும் எழுதி வைக்கிறேன்.

கதையில் மாற்றுக் கருத்துக்குக் கிடைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். றோ கடுமையாக எதிர்க்கிறாள். ஆனால் முடிவு எடுக்கப்பட்டபின் தன் வேலையைச் செய்கிறாள். ஆபத்து நீங்கியபின் தான் பிழைவிட்டதாக அவள் ஒப்புக்கொள்ளும்போது, நீ சொன்னதே சரியாகவும் இருந்திருக்கலாம் என்கிறார் ட்ரோய். முடிவு நல்லதாக அமைந்ததால் அதை எடுத்தவர் ஞானியாகவும் எதிர்த்தவர் கோழையாகவும் ஆகிவிடுவதில்லை. எங்கள் அரசியலில் இந்த ஒரு வசனத்துக்கு இடமிருக்கவில்லை. எதிர்த்தவருக்குத் துரோகி என்ற ஒரே பட்டம்தான் இருந்தது. அந்தச் சொல்லை ஒருகாலத்தில் நானும் பாவித்தவன் என்பதை இங்கே எழுதாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

குறைகளும் உண்டு. நாற்பத்தைந்து நிமிடத்தில் எல்லாம் சுபமாக முடிகிறது. இறந்த அதிகாரிக்காகத் துக்கப்பட நேரமில்லை. இயந்திர அறைக்கு எவரும் வந்து சேராமல் போயிருந்தால் ட்ரோயின் முடிவு எல்லோரையும் கொன்றிருக்கும். நம்பிக்கை ஒரு முறையியல் ஆகாது என்று நண்பர்கள் வாதிடக்கூடும். அது நியாயமான வாதம். ஆனால் றோவின் கூற்றும் ஓர் ஊகமே. அங்கே எவரும் இல்லை என்று முடிவு கட்டுவது தப்பிச் செல்பவருக்கு எப்போதும் சௌகரியமானது. ஊரில் சிந்திப்பவர்கள் எவரும் மிஞ்சவில்லை, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஒஸ்லோவிலும் இருந்துகொண்டு நாம் எத்தனை தடவை தீர்ப்பெழுதியிருக்கிறோம்! அதேவேளை 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத்தில், ஒருவரையொருவர் கண்டிராத பலர் பல நாடுகளில் இருந்து உழைத்து, ஈழத்தின் நூல்களையும் சஞ்சிகைகளையும் யாரோ ஒருவர் வாசிப்பார் என்று சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

மின்தூக்கியில் அகப்பட்ட பிக்கார்ட், தன்னை விட்டுவிட்டுப் போகும்படி சிறுவர்களுக்குக் கட்டளையிடுகிறார். அவர்கள் கீழ்ப்படிய மறுக்கிறார்கள். கயிறுபோல ஒரு கம்பியால் எல்லோரையும் சேர்த்துக் கட்டி, பாட்டுப் பாடியபடி ஏணியில் ஏறுகிறார்கள். சற்று முன்னர் அழுதுகொண்டிருந்த அந்தப் பிள்ளைகளுக்குத் தன் கழுத்துப்பட்டியில் இருந்த பதவிச் சின்னங்களைக் கழற்றிக் கொடுத்து ஆளுக்கொரு பொறுப்புத் தந்தவர் அந்தக் கப்டன்தான். எங்கள் சங்கங்களில் அப்படிக் கழற்றிக் கொடுக்க எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம் என்பதை அடுத்த இதழில் யாராவது எழுதினால் நல்லது.