வேலியும் மரமும்

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு)

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருக்கிறது. கரூர் ரயிலடியில், ஆஸ்டின் ஏ-40 வாடகைக் காரின் மீது கை வைத்தபடி என் தாத்தா நிற்கிறார். 1968-ல் அந்தக் காரின் பின் அச்சிலிருந்த பல்சக்கரம் உடைந்தது. அது இங்கிலாந்துச் சாமான். இறக்குமதி உரிமம் இல்லாமல் வராது. ஒற்றைக் கார் வைத்துப் பிழைப்பவருக்கு உரிமம் கிடைக்கிற காரியமா? சென்னை புதுப்பேட்டையில் பழைய சாமான் ஒன்று அகப்படும் வரை நான்கு மாதம் கார் கல்லின்மேல் நின்றது. பாட்டியின் வளையல் அடகுக் கடையில் இருந்தது. "நாடு வாழத் தடுக்கிறார்களாம், நாம் வாழ வேண்டாமா?" என்று தாத்தா கேட்பாராம். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இக்கட்டுரை.

தடைகளின் வகை

அயல்நாட்டு வண்டியையும் அதன் பாகங்களையும் தடுக்க அரசுகள் நான்கு வழிகளைக் கையாள்கின்றன. சுங்க வரி விலையை ஏற்றும். அளவுக் கட்டுப்பாடு, ஆண்டுக்கு இத்தனைக்கு மேல் கூடாது என்னும். உரிம முறை, அரசின் அனுமதி இல்லாமல் எதையும் விடாது. உள்நாட்டுப் பாக விதியோ, இங்கே செய்யும் வண்டியில் இத்தனை பங்கு இந்நாட்டுச் சாமானாக இருக்க வேண்டும் என்னும். இவற்றுள் வரிக்கும் உரிமத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு. வரி கட்டினால் பொருள் வரும், விலைதான் கூடும். உரிமம் மறுக்கப்பட்டால் கையில் பணம் இருந்தும் பொருள் வராது. தாத்தா அகப்பட்டது இந்த இரண்டாவதில்.

வேலி ஏன்?

விடுதலைக்கு முன்பு நம் நாட்டில் கார் செய்யப்பட்டது என்று சொல்வதைவிடப் பூட்டப்பட்டது என்பதே பொருத்தம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாயில், பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டி விற்றது. ஃபோர்டும் அவ்வாறே செய்தது. 1949-ல் முழு வண்டிகளின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. பாகங்களை இங்கேயே செய்யும் திட்டம் இல்லாதவர்கள் தொழிலை விட்டுவிட வேண்டும் என்று 1953-ல் தீர்வைக் கமிஷன் பரிந்துரைத்தது. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் வெளியேறின. தானியத்துக்கும் இயந்திரத்துக்கும் வேண்டிய அந்நியச் செலாவணியைக் காருக்குச் செலவிட முடியாத காலம் அது. நம் தொழில் வேரூன்ற வேண்டும் என்பதும் ஒரு நோக்கம்.

நோக்கம் பொய்க்கவில்லை. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949-ல் தோன்றியது. பாடியில் வீல்ஸ் இந்தியா 1960-லும், லூகாஸ் டி.வி.எஸ். 1961-லும், சுந்தரம் கிளேட்டன் 1962-லும் எழுந்தன. சக்கரமும், மின்சாதனமும், பிரேக்கும் நம் தொழிலாளர் கையில் உருவாயின.

மறுபக்கம்

ஆனால் வேலி பயிரை மட்டுமா காத்தது? சோம்பலையும் காத்தது. கார் செய்தவர்கள் இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு என மூவரே. போட்டி இல்லாததால் மாற்றமும் இல்லை. 1957-ல் வந்த அம்பாசடர், ஏறக்குறைய அதே தோற்றத்துடன் 2014 வரை வந்தது. வாங்குவோர் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர்.

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி கார் வெளிவந்தது. தொடக்கத்தில் பெரும்பாலான பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன. படிப்படியாக இங்கேயே செய்யப்பட்டன. 1993-ல் கார் தொழிலுக்கான உரிமம் நீக்கப்பட்டது. 1997-ல் அரசு புதிய விதி ஒன்றை வகுத்தது: பாகங்களை இறக்குமதி செய்து கார் தயாரிப்போர் மூன்றாண்டில் 50 சதவீதமும், ஐந்தாண்டில் 70 சதவீதமும் உள்நாட்டு மயமாக்க வேண்டும். அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் உலக வர்த்தக அமைப்பில் முறையிட்டன. 2001 டிசம்பரில் வெளியான அறிக்கை நமக்கு எதிராக அமைந்தது. இறக்குமதி உரிம முறையை இந்தியா அதே ஆண்டு ஏப்ரலிலேயே கைவிட்டிருந்தது. அதன் பின் எஞ்சிய முக்கிய வேலி சுங்க வரியே: முழு வண்டிக்குக் கனமாக, பாகங்களுக்கு இலேசாக.

முடிவுரை

என் தந்தை இன்று ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு பிரேக் சாமான் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அங்கிருந்து பெட்டிகள் கப்பலேறி அயல்நாடு செல்கின்றன. தாத்தாவின் காரை நிறுத்திய அதே வேலிக்குள் வளர்ந்த தொழில்தான் எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறது! எனவே வேலியே தவறு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் பயன் ஒரு தலைமுறைக்கும் சுமை இன்னொரு தலைமுறைக்கும் போனதை மறக்கவும் இயலவில்லை.

இளங்கன்றுக்கு வேலி வேண்டும். மரமான பின்பும் எடுக்காவிட்டால் அந்த வேலியே தண்டை இறுக்கும். ஆகவே வேலி போடுவோர் அதை எடுக்கும் நாளையும் அன்றே குறித்து வைக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கான உதிரிச் சாமான் வர ஒரு சிறு வாசலையும் விட வேண்டும். அந்த வாசல் அன்று இருந்திருந்தால், நண்பர்களே, பாட்டியின் வளையல் கையிலேயே இருந்திருக்கும்.