புகைபோக்கி இல்லாத வீடு

“மாமா, தொர பங்களாவுக்கு மட்டும் ஏன் புகைபோக்கி?”

லீவுக்கு ஹேவாஹெட்ட வந்திருந்த அக்கா மகள் கேட்டாள். ஆறாம் ஆண்டு படிக்கிறாள். இதற்கு ஒரு கோப்பை பிளேன்டி போதாது, இரண்டு வேண்டும் என்றேன். சீனி டப்பாவை எடுத்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் குளிரைப் பார்ப்போம். ஜேம்ஸ் டெய்லர் 1852ல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. 1867ல் நம் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர் அவர். அவர் குடியிருந்த மர வீடு போய்விட்டது. அதன் புகைபோக்கி மட்டும் நிற்கிறது. வெயில் நாட்டில் கணப்பு எதற்கு என்று கொழும்புக்காரர் கேட்கலாம். மார்கழி விடியலில் இங்கே முகம் கழுவியவர் கேட்கமாட்டார். குளிர் டெய்லருக்குப் பழக்கமானது. ஊரில் கட்டியதையே இங்கேயும் கட்டினார்.

பருவமழைதான் வெள்ளைக்காரத் தொரமாருக்குப் புதிது. அதற்கு வழி காட்டியது வங்காளத்துக் குடியானவரின் வீடு. பங்களா என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். ஒரே தளம், தாழ இறங்கும் கூரை, முன்னால் வராந்தா. கூரை நீண்டிருந்தால் சாரல் சுவரில் அடிக்காது. மழையிலும் சன்னலைத் திறந்து வைக்கலாம். ஆக, தொர பங்களா என்பது வங்காளத்துக் கூரையில் ஏறிய ஸ்கொட்லாந்துப் புகைபோக்கி. டெய்லர் தேயிலை தயாரிக்கப் பழகியதும் ஒரு பங்களா வராந்தாவில்தான். மேசை மேல் கொழுந்தைக் கையால் உருட்டி, மண் அடுப்பில் கரி மூட்டி, கம்பித் தட்டில் காயவைத்தார்.

வராந்தா போதாமல் போனபோது வந்தது ஸ்டோர். தேயிலை ஃபெக்டரியை நம் ஆட்கள் ஏன் ஸ்டோர் என்கிறார்கள்? அது காப்பிக் காலத்துப் பெயர். காப்பிக்கொட்டையை வெளிக்களத்தில் காயவைத்து ஸ்டோரில் அடைத்தால் போதும். 1869ல் இலைநோய் வந்து, அடுத்த இருபது வருடத்துக்குள் காப்பி அழிந்தது, பெயர் தங்கிவிட்டது. கொழுந்தோ களத்தில் காய்கிற பொருளல்ல. பறித்த கொழுந்தை மெல்லப் பரப்பி மணிக்கணக்கில் வாட்டி, ஈரத்தில் ஒரு பங்கைப் போக்கினால்தான் உருட்டும்போது நொறுங்காது. அதற்குப் பரந்த இடமும் காற்றும் வேண்டும். மலைச்சரிவில் சமதரை ஏது? அதனால் கட்டடம் மேலே வளர்ந்தது. மேல்தளங்களில் வரிசையாகச் சன்னல்கள், உள்ளே தட்டுத் தட்டாகச் சாக்குத்துணி, அதில் கொழுந்து. மழை நாளில் சன்னலை மூடிவிட்டு, கீழே அடுப்பின் சூட்டுக் காற்றை விசிறியால் மேலே இழுப்பார்கள். இரும்புச் சட்டமும் நெளி தகரமும் கப்பலில் வந்தன. கண்டிக்கு ரயிலும் 1867லேயே வந்துவிட்டது. ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம் 1925ல் கட்டிய ஸ்டோர்தான். அதன் மேல்தளத்தில் நின்று பார், எந்தச் சன்னல் எதற்கு என்று உனக்கே விளங்கும்.

“அப்போ லயம்?”

அதற்குத்தான் இரண்டாவது கோப்பை. காப்பி பருவப் பயிர். பழம் எடுக்கும் மாதங்களில் திருச்சி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். வந்துபோகிறவனுக்குப் படுக்க இடம் போதும் என்று வரிசையாக அறை கட்டினார்கள். அதுதான் லயம். அறை ஒன்று 10 அடிக்கு 12 அடி. சில லயங்களில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. அங்கே பின்சன்னலும் கிடையாது. தேயிலையோ வருடம் முழுக்கக் கொழுந்து விடும். ஆட்கள் குடும்பத்தோடு தங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள், இங்கேயே மண்ணானார்கள். பயிர் மாறியதும் ஸ்டோரை மாற்றிக் கட்டினார்கள். தங்கல் அறை மட்டும் அதே அளவில் வீடானது. கொழுந்துக்குக் காற்று எந்தப் பக்கம் வரும் என்று கணக்குப் போட்டவர்கள், அடுப்புப் புகை எந்தப் பக்கம் போகும் என்று போடவில்லை.

லயத்து வாசலில் ஒரு சிறு தாழ்வாரம் உண்டே, அதை நாம் இஸ்தோப்பு என்கிறோம். அது ஒல்லாந்தர் சொல். தென்னாபிரிக்காவில் ஒல்லாந்தர் வழிவந்தவர்கள் வீட்டு முன்திண்ணையை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் குடியேறிய நியூயோர்க்கில் அது வாசற்படிக்குப் பெயர். சாயங்காலம் கால் நீட்டி உட்கார அவர்களுக்கு அது. நம் ஆட்கள் அதற்குத் தட்டி வைத்து மறைத்தார்கள். ஒரு மூலையில் அடுப்பு, இன்னொரு மூலையில் விறகு. வயதுக்கு வந்த பெண் இருந்தால் அவளுக்கும் அங்கேதான் மறைப்பு. இப்போது காணியோடு தனி வீடு கட்டித் தருகிறார்கள். இன்னும் லயத்திலேயே இருப்பவர்களும் நிறையப் பேர்.

“புகை என்ன ஆச்சு?”

உன் கொள்ளுப்பாட்டி ஒரு நாள் அடுப்புக்கு நேர் மேலே கூரைத் தகரத்தை ஒரு முழம் நெம்பி, இடையில் முறிந்த கவ்வாத்துக் கத்திப் பிடியைச் செருகிவைத்தார். புகை அந்த வழியாகப் போனது. மழை வந்தால் பிடியை உருவிவிடுவார். விட்டதும் மறுபடி செருகுவார். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சந்தில் புகை தெரிந்தால், ரொட்டி சுடுகிறார் என்று அர்த்தம்.