இணையத்தை அடைக்கும் கை

தோழர்களே, இணையத் தணிக்கை என்றதும் நம் மாணவர்கள் சீனாவைத்தான் சொல்கிறார்கள். ஒரு கட்சி ஆட்சியில் அது முடியும், தேர்தல் நடக்கும் நாட்டில் முடியாது என்பது பொதுவான எண்ணம். தூத்துக்குடி நமக்கு வேறு பாடம் சொன்னது.

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டது. மொத்தம் 13 பேர் பலியானார்கள். மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் 27ஆம் தேதி வரை இணையத்தை நிறுத்த ஆணை வந்தது. வேன் மேல் நின்று குறிபார்க்கும் போலீஸ்காரரின் காட்சி நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. சட்டமன்றம் கூடவில்லை, விவாதம் இல்லை. அப்போது நடப்பில் இருந்த, 2017இல் வந்த விதிகளின்படி உள்துறைச் செயலரின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. அந்த விதிகளுக்குத் தாய், வெள்ளைக்காரன் 1885இல் போட்ட தந்திச் சட்டம்!

சீனாவின் முறை வேறு. வெளிநாட்டு இணைப்புகளை அரசு நிறுவனங்களின் கையில் வைத்து, வடிகட்டியை அங்கே பொருத்தினார்கள். செலவும் ஆளும் ஏராளம். ஆனால் வங்கி நடக்கும், வியாபாரம் நடக்கும், வேண்டாத பேச்சு மட்டும் மறையும். இங்கே அவ்வளவு பெரிய வடிகட்டி கிடையாது. கைப்பேசி நிறுவனங்கள் அரசு உரிமத்தில் நடப்பவை என்பதால் குழாயையே அடைத்துவிடலாம். 2011 ஜனவரியில் எகிப்தில் முபாரக் செய்ததும் அதுதான். ஐந்து நாளில் திறக்க வேண்டியதாயிற்று, பிப்ரவரி 11இல் பதவியும் போனது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? உண்டு, நீதிமன்றம். நெல்லைக்கும் குமரிக்கும் ஏன் தடை என்று மதுரைக் கிளை கேட்டது. காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, காலவரையற்ற முடக்கம் கூடாது, ஆணைகளை வெளியிட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அதற்குப் பிறகும் அங்கே 4ஜி முழுமையாகத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. தீர்ப்பின் வேகத்தை இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நம் கணக்கு தனி. 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியபோது அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. இன்று சேரிப் பிள்ளைக்கு ஒரு போன் போதும், ஆனால் அதில் மொபைல் டேட்டா ஓட வேண்டும். டேட்டாவை மட்டும் நிறுத்தினால் வீட்டில் கம்பிவழி இணைப்பு உள்ளவர் தப்பிவிடுவார். 2021 பிப்ரவரி 12 அன்று இதே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்ததை நினைத்துப் பாருங்கள். யார் உள்ளே இருந்தார்கள், யாரை எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று தேடும் நேரத்தில், வதந்தி பரவும் என்ற பெயரில் ஓர் ஆணை வந்திருந்தால்?

அப்படி வரும் நாளில் நாம் முதலில் கேட்க வேண்டியது ஆணையின் நகல். எந்தப் பகுதிக்கு, எந்தத் தேதி வரை, என்ன காரணத்துக்கு என்று அதில் இருக்க வேண்டும்.