துண்டுபட்ட தேசப்படங்கள்

அரசியலே மூச்சாகக் கொண்ட நமது நண்பர் ஒருவர், சென்ற வாரம் நமது மேஜையின்மீது பரப்பிக் கிடந்த ஜிக்ஸா புதிரின் துண்டுகளைக் கண்டு முகஞ் சுளித்தார். பிள்ளைகள் விளையாடும் சாமானைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்க்க உமக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். கேள்வி நியாயமானதே. அப்பொழுது சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதுகிறோம்.

இப்புதிர் பிள்ளைகளுக்காகவே பிறந்தது என்பது வாஸ்தவம். 1760-களில் லண்டன் நகரில் தேசப்படங்களைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றுவந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், படத்தை மெல்லிய மகோகனிப் பலகையில் ஒட்டி, ராஜ்யங்களின் எல்லைக் கோடுகளை அனுசரித்து வாளால் அறுத்து, பெட்டியிலிட்டு விற்றார். சிறுவர்கள் பூகோளம் கற்பதற்கென்று ஏற்பட்ட சாதனம் அது. கைச் செலவுக்கு அஞ்சுவோருக்காகக் கடற்பகுதி நீங்கலான மலிவுப் படமும் வைத்திருந்தார். (கடலையே தமது உடைமையாகக் கருதிய ஜாதியார், சிக்கனத்துக்காக அதையே முதலில் தள்ளியது வேடிக்கைதான்.) மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மக்களுக்கு லேடி ஷார்லட் ஃபின்ச் இத்தகைய படங்களைக் கொண்டு பாடம் கற்பித்தார். 1814-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினுடைய ‘மான்ஸ்ஃபீல்டு பார்க்’ நாவலில், ஐரோப்பாப் படத்தைக் கூட்டத் தெரியாத ஏழை உறவினப் பெண்ணைப் பணக்கார வீட்டுச் சிறுமிகள் பரிகசிக்கிறார்கள். அறிவின் குறை என்று அவர்கள் எண்ணியது உண்மையில் பணத்தின் குறையேயன்றி வேறல்ல.

ஸ்பில்ஸ்பரி 1766-ல் வெளியிட்ட ஐரோப்பாப் படம் ஒன்று லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூல் நிலையத்தில் இருக்கிறது. அந்தப் படம் வெளியான காலத்தில் போலந்து ஒரு பெரிய ராஜ்யம். ஆறே ஆண்டுகளில், 1772-ல், ருஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் அதில் ஒரு பகுதியை அறுத்துக்கொண்டன. 1793-லும் 1795-லும் மிச்சமும் போயிற்று. 1766-ல் அப்படத்தைக் கூட்டிப் பழகிய சிறுவன் நடுவயதை எட்டுமுன், அவன் பெட்டியில் இருந்த ஒரு தேசம் உலகில் இல்லாமற் போயிற்று! அது மீண்டும் சுதந்திர நாடாகத் தலைதூக்கியது 1918-ல். 123 வருஷகாலம் அத்தேசத்தின் உரிமைக்குச் சாட்சி சொன்னவற்றுள், பழைய வீடுகளின் பரண்களில் கிடந்த இம்மரத்துண்டுகளையும் சேர்த்தல் தகும். நியாயஸ்தலத்தில் பழைய சாசனத்துக்கு என்ன மதிப்போ, அந்த மதிப்பை நாம் இதற்கும் கொடுக்கிறோம்.

பெரியவர்கள் இதில் இறங்கியது பிற்காலத்தில். 1908, 1909-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இம்மோகம் பற்றியெரிந்தது. பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனியார் 1909-ல் மற்ற விளையாட்டுச் சாமான்களை நிறுத்திவிட்டுத் தொழிற்சாலை முழுவதையும் இதற்கே திருப்பினர். எனினும் மரப்புதிர் விலை அதிகம். தனவந்தர் வீட்டுப் பண்டமாகவே இருந்தது. அதனைச் சாமானியனுக்குக் கொண்டுவந்தது பஞ்சம். 1932, 1933-ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில், அச்சுவெட்டில் ஒரே அழுத்தில் வெட்டப்பட்ட அட்டைப் புதிர்கள் பத்திரிகைக் கடைகளில் வாரந்தோறும் 25 சென்ட் விலைக்கு வந்தன. 1933-ன் தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி விற்றனவாம். வேலையிழந்த தச்சரும் கைத்தொழிலாளரும் வீட்டிலேயே மரப்புதிர் அறுத்து விற்றார்கள், வாடகைக்கும் விட்டார்கள். மருந்துக் கடைகளிலும் நூல் நிலையங்களிலுங்கூட இரவல் கிடைத்தது. உழைக்கத் தயாராயிருந்தும் வேலை கிடைக்காத ஒருவன், இரவு முழுதும் உட்கார்ந்து ஒரு காரியத்தையாவது குறைவின்றி முடித்தான் என்றால், அதை வீண் பொழுது என்று ஏசுவதற்கு நமக்கு நாவெழவில்லை. 2020-ல் கொள்ளைநோய்க்கு அஞ்சி வீடடைந்த மக்களும் இதனையே தேடி வாங்கினார்கள்.

சேகரிப்போர் பழம்பெட்டி வாங்கும்போது கவனிப்பவை பல. 1932-ல் நியூயார்க்கில் தோன்றிய பார் கம்பெனியின் பெட்டிமேல் படமே இராது; என்ன உருவாகப் போகிறதென்று அறியாமலே கூட்டவேண்டும். கடற்குதிரை வடிவமான ஒரு துண்டே அவர்களது முத்திரை. அது காணாமற்போனால் மதிப்பும் குறையும். இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக 1924 முதல் 1939 வரை சாட் வாலி கம்பெனியார் செய்த புதிர்களுக்கு இன்றும் கிராக்கி உண்டு. பேட்ஸ் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆன் வில்லியம்ஸ் அம்மையார், தாம் சேர்த்த புதிர்களைக் கொண்டே ஆராய்ந்து 2004-ல் இதன் சரித்திரத்தை நூலாக வெளியிட்டார். பெட்டியின் சீட்டையும் கடையின் விலைக் குறிப்பையும் எவரும் வைத்திராவிடில் அந்நூல் ஏது?

நமது அனுபவம் இவ்வளவு கௌரவமானதன்று. தபாலில் வரவழைத்த பழைய ஆங்கில மரப்புதிர் ஒன்றின் பெட்டிமேல் ‘முழுமையானது’ என்று எழுதியிருந்தது. மூன்று இரவுகள் கழித்து வானத்தில் ஒன்றும் ஒரு பசுவின் முதுகில் ஒன்றுமாக இரண்டு துளைகள் எஞ்சின. விற்றவருக்கு எழுதினோம். தாம் எண்ணிப் பார்த்ததில்லை என்றும், முன்னே விற்றவர் எழுதியதையே தாமும் நம்பியதாகவும் பதில் வந்தது. வழக்காடுவதற்கு இடமிருந்தும் செலவுக்குக் கட்டாது என்று விட்டுவிட்டோம். உள்ளூர்த் தச்சர் ஒருவர் இரண்டு துண்டுகளும் அறுத்துக் கொடுத்தார். வர்ணம் நாமே தீட்டினோம். பசுவின் நிறம் சற்று மாறித்தான் இருக்கிறது. அடுத்து வாங்குபவர் ஏமாறலாகாதென்று, இரண்டு துண்டுகளின் பின்புறத்திலும் ‘புதியது’ என்று தேதியுடன் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.