உயிரணுவுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு

டி.என்.ஏ. புரதத்தை உண்டாக்குகிறது என்று சுருக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அந்த மூலக்கூறு தானாக எதையும் உண்டாக்குவதில்லை. அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்பதே அதில் அடங்கிய செய்தி. புரதமோ 20 வகை அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. இவ்விரண்டுக்கும் வேதியியல் வடிவில் எந்த ஒற்றுமையும் இல்லாததால், ஒன்றைப் படித்து மற்றொன்றாகப் பெயர்த்துத் தருபவை வேறு மூலக்கூறுகளாகவே இருக்க வேண்டும்.

முதலில் டி.என்.ஏ.யின் தேவையான பகுதி மட்டும் தூது ஆர்.என்.ஏ. என்னும் இழையாகப் படியெடுக்கப்படுகிறது. இதில் தைமினின் இடத்தில் யுராசில் அமையும். ரைபோசோம் என்னும் துகள் இவ்விழையை மும்மூன்று எழுத்துகளாகப் படித்துச் செல்கிறது. இவ்வாறு ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துத் தொகுதிக்குக் கோடான் என்று பெயர். நான்கு எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16 சொற்களே கிடைக்கும் என்பதால் 20 அமிலங்களுக்கு அவை போதா. மூன்றாகச் சேர்க்கும்போது 64 கிடைக்கின்றன, அவற்றுள் 61 அமிலங்களைக் குறிக்க, எஞ்சிய 3 சங்கிலியை முடிக்கும் நிறுத்தக் குறிகளாகின்றன.

எந்தச் சொல்லுக்கு எந்த அமிலம் என்பதை அறிய வழி திறந்தது 1961 மே மாதத்தில், அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிஷ் மத்தாயும் செய்த சோதனையாகும். பாக்டீரியாவைச் சிதைத்தெடுத்த சாற்றில், யுராசில் மட்டுமே தொடர்ந்து வரும் செயற்கை ஆர்.என்.ஏ.யை அவர்கள் சேர்த்தபோது, ஃபீனைல் அலனைன் மட்டுமே கோத்த சங்கிலி உருவாயிற்று. பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹர் கோவிந்த் கொரானா, யுராசிலும் சைட்டோசினும் மாறிமாறி வரும் இழைகளைத் துல்லியமாகக் கட்டமைத்தார். அத்தகைய இழையை மும்மூன்று எழுத்துகளாகப் பிரித்தால் இரண்டே சொற்கள் மாறிமாறி வரும். அதற்கேற்பச் செரினும் லியூசினும் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த சங்கிலியே கிடைத்தது. இவ்வளவு தெளிவாகக் கேள்வியைக் கேட்டு, இவ்வளவு தெளிவாக விடைபெற்ற சோதனைகள் உயிரியலில் மிகச் சிலவே. நிரன்பர்க், கொரானா, ராபர்ட் ஹாலி மூவரும் 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எனினும் எந்தக் கோடானுக்கு எந்த அமிலம் என்னும் இந்த அட்டவணையை அறிந்த மூலக்கூறு எது என்னும் வினாவே இதைவிட ஆழமானது. கடத்து ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறின் ஒரு முனையில் அமிலம் பிணைந்திருக்கும். மறுமுனையிலுள்ள மூன்றெழுத்துகள் கோடானோடு இணைசேரும். 1962இல் ஃபிரிட்ஸ் லிப்மன் உள்ளிட்ட குழுவினர், கடத்து ஆர்.என்.ஏ.யில் ஏற்கெனவே பிணைந்திருந்த சிஸ்டீனிலிருந்து கந்தகத்தை நீக்கி, அதை அலனைனாக மாற்றினர். ரைபோசோம் சற்றும் தயங்காமல், சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனைனைக் கோத்துவிட்டது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் முதலியோர் வெளிப்படுத்திய ரைபோசோம் கட்டமைப்பும் இதற்கு இசைவானதே: கோடானும் அதற்கு எதிரான எழுத்துகளும் பொருந்துகின்றனவா என்பதை ரைபோசோம் நுட்பமாகச் சோதிக்கிறது, சுமந்து வரப்பட்ட அமிலம் சரியானதா என்பதை அவ்வாறு சோதிப்பதில்லை.

ஆகவே இரு மொழியும் அறிந்த உண்மையான மொழிபெயர்ப்பாளர், உரிய அமிலத்தை உரிய கடத்து ஆர்.என்.ஏ.யோடு பிணைக்கும் நொதியே. அதன் பணி எளிதன்று. ஏனெனில் ஐசோலியூசினும் வேலினும் ஒரே ஒரு கார்பன் தொகுதியால் மட்டுமே வேறுபடுபவை, சிறியதான வேலின் பெரியதற்குரிய குழியில் எளிதில் நுழைந்துவிடும். இதன்பொருட்டு ஐசோலியூசினுக்குரிய நொதியில் இரண்டாவது குழி ஒன்று அமைந்துள்ளது. ஐசோலியூசின் நுழைய முடியாத அளவுக்குச் சிறிய அக்குழிக்குள் தவறாகப் பிணைந்த வேலின் வந்து சேர்ந்ததும், நொதி நீரின் துணையோடு அப்பிணைப்பை அறுத்து அதை வெளியேற்றிவிடுகிறது.