பாலைநகரின் சுங்கக் கல்வெட்டு

சிரிய நாட்டுப் பாலை நிலத்தின் நடுவே ஊற்றுநீரால் வாழ்ந்த பழம்பதி பல்மைரா. உரோமப் பேரரசுக்கும் பார்த்தியப் பேரரசுக்கும் இடையே ஒட்டக வணிகர் சென்ற வழியில் அமைந்தமையால் இந்நகர் பெருஞ் செல்வம் எய்திற்று.

ஆயினும், பழைய சுங்கச் சட்டத்திற் பல பண்டங்கள் குறிக்கப்படவில்லை. அவற்றுக்கு வழக்கத்தை ஒட்டியே வரி தண்டப்பட்டது. அதனால் வணிகருக்கும் வரி தண்டுவோருக்குமிடையே அடிக்கடி பிணக்கு விளைந்தது. அதனைத் தீர்க்கக் கருதிய நகரவை, கி. பி. 137இல் வரிகளை வரையறுத்து, கிரேக்கத்திலும் பல்மைரா மக்கள் வழங்கிய அரமேயத்திலும் கல்லிற் பொறித்துக் கோயிலொன்றின் எதிரே நிறுத்துவித்தது. நறுமணத் தைலம், ஒலிவ எண்ணெய், உப்பு, உவர்மீன் ஆகியன அதில் இடம்பெற்றன. பாலையில் நீரின் அருமை எத்தகையது என்பதும் அதனாற் புலனாகும்: இரண்டு ஊற்றுக்களைப் பயன்கொள்ள ஆண்டுக்கு 800 தெனாரி வெள்ளிக்காசு விதிக்கப்பட்டது.

272இல் அரசி செனோபியா உரோமப் பேரரசன் ஓரேலியனிடம் தோற்றாள். நகரின் பெருமையும் அடங்கிற்று. 1881இல் அறிஞருலகு கண்டறிந்த அக்கல்வெட்டு, பின்னர் உருசிய நாட்டு ஏர்மிற்றாச் நூதனசாலையைச் சேர்ந்தது. 2015இல் பல்மைராவின் பேல் கோயில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டபோதும், தொலைவிலிருந்த அக்கல் தப்பியது.

மன்னர் புகழை நிலைநிறுத்த எழுந்த கற்கள் பல. வணிகன் ஒருவன் தான் இறுக்கவேண்டியதைத் தானே அறிந்து, மிகுதியாகக் கேட்போனை மறுத்துரைக்கத் துணைநின்ற கல் இதுவாகும்.